நடுவர் கை காட்டும் வரை

போன மாதம் எங்கள் ஆம்புலன்ஸ் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றவன் என்று என்னையும் கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டார்கள். பயிற்சி கொடுத்த பெண் புது விதியைப் படித்தார். திடலில் ஓர் ஆட்டக்காரர் யார் மேலும் மோதாமல் தானாக விழுந்தால், நடுவர் கை காட்டட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே உள்ளே போகலாம்.

பின்வரிசையில் ஒருத்தர் சிரித்தார். "இதையெல்லாமா எழுதி வைப்பாங்க? விழுந்தா போக வேண்டியதுதானே லா."

சாப்பாட்டு நேரத்தில் அதே ஆள் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தனசீலன் என்று பெயர்.

"அண்ணே, நீங்க திடல் டியூட்டியிலேயே இருந்தவராமே. ஈப்போக்காரங்க இன்னும் பேசுறாங்களே ஒரு வருஷம், நூறாவது கோல், அந்தப் பொண்ணோட ஓட்டம்... அப்பல்லாம் நீங்கதானா?"

"நான்தான்."

"குடுத்து வச்சவருலா. எழுதிக் குடுங்க. கம்பெனி ஆண்டு மலர்ல போடுவோம்."

எனக்கு எழுத்து வராது. தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். அந்த வருஷத்தைப் பற்றித்தான். ஆனால் தனசீலன் நினைக்கிற மாதிரி வருஷம் இல்லை அது.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன். தோட்டத்தை விற்றார்கள், மரத்தைச் சாய்த்தார்கள், நாங்கள் வெளியே வந்தோம். லகாட் பக்கம் ஒரு பலகை ஆலையில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே ஒருத்தருக்கு ரம்பத்தில் கை போனது. அவர் கையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் கூடவே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ மயக்கம் போடல. எங்ககிட்ட ஆள் தேவை. வர்றியா?" என்றார். போனேன். ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகினேன். மலாயில் கேட்டார்கள், மலாயில் சொன்னேன். பாஸ் என்றார்கள். பயிற்சி அவ்வளவுதான். மீதியெல்லாம் அந்த ஆளிடம் கற்றது.

அவர் சவரிமுத்து. சவரி அண்ணே என்போம். இராணுவத்தில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவர். காலையில் தேவாலயம், சாயங்காலம் திடல், அதுதான் அவர் ஞாயிற்றுக்கிழமை.

கம்பெனிக்கு விளையாட்டுப் போட்டிகளில் நிற்கிற வேலை நிறைய வரும். சவரி அண்ணே, நான், ஓட்டுநர் ராம்லி, மூன்று பேர். சவரி அண்ணே முதலில் திடலைச் சுற்றி ஒரு நடை நடப்பார். ஆம்புலன்ஸ் வெளியே போகிற வாசலில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தால், ஆள் வந்து எடுக்கும்வரை அங்கேயே நிற்பார். பிறகு ஸ்ட்ரெச்சரை விரித்து, வாரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, மடக்கி வைப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். உலோகம் பட்டுக் காயக்காரனுக்குக் கீறல் விழக்கூடாது என்பதற்கு.

ஆட்டம் தொடங்கினால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிற்போம். அந்தக் கோடுதான் எங்களுக்குச் சட்டம். நடுவர் எங்களைப் பார்த்துக் கையை அசைக்க வேண்டும். அசைத்தால் உள்ளே போகலாம். அவர் அசைக்காமல் நாங்கள் உள்ளே போனால் ஆட்டத்தில் தலையிட்டதாக அர்த்தம். உள்ளே போகும்போதும் ஓடக்கூடாது என்பார் சவரி அண்ணே. "நீ ஓடுனா அவன் பயந்துருவான். வேகமா நட." விழுந்தவன் பக்கத்தில் முட்டி போட்டு, முதலில் பெயரைக் கேட்பார். வலி எங்கே என்று கேட்கமாட்டார். "பேரைச் சொல்றவன் மூச்சு விடுறான், மூளை வேலை செய்யுது. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

கூட்டம் பந்தைப் பார்க்கும். சவரி அண்ணே பந்து போன பிறகு அந்த இடத்தில் கிடக்கிறவனைப் பார்ப்பார். என்னையும் அப்படிப் பழக்கினார். அதனால் இத்தனை வருஷம் திடலில் நின்றும் நான் நல்ல கோல் பார்த்தது கம்மி.

அந்த வருஷ ஆரம்பத்தில் ஈப்போவில் நடந்த லீக் ஆட்டத்தில் ஒரு முன்கள ஆட்டக்காரர் தன் குழுவுக்கு நூறாவது கோல் அடித்தார். தலையால் முட்டி அடித்தது. அடித்தவரைத் தோளில் தூக்கி ஓடினார்கள். அவரைத் தடுக்கப் பாய்ந்த கோல்கீப்பரின் தாடையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பல்லும் ரத்தமும் என் உள்ளங்கையில். மறுநாள் பேப்பரில் பெரிய படம் வந்தது. தோளில் ஏறினவருக்குப் பின்னால் குனிந்திருக்கிற வெள்ளைச் சட்டை முதுகு என்னுடையது.

பள்ளிகளுக்கான ஓட்டப் போட்டியில் தெலுக் இந்தான் பக்கத்துப் பிள்ளை ஒன்று மூவாயிரம் மீட்டரில் மாநிலச் சாதனையை உடைத்தது. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. கோட்டைத் தாண்டியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சவரி அண்ணே முட்டி போட்டார்.

"பேரு என்னம்மா?"

"டைம் என்ன அங்கிள்?"

"பேரைச் சொல்லும்மா."

"டைம் சொல்லுங்க அங்கிள், அப்புறம் சொல்றேன்."

நேரம் சொன்னதும் அழுது, சிரித்து, பெயரையும் சொன்னது. கால் எலும்பில் விரிசல். கடைசிச் சுற்றுகளை அந்தக் காலோடுதான் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பந்தயத்தில் ஓடியதாக நான் கேள்விப்படவில்லை.

பாரிட் புந்தாரில் ஒரு நெடுந்தூர ஓட்டம். நிழலே இல்லாத வயல் ரோடு. அந்த ஓட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வருஷமும் விடாமல் ஓடி முடித்த சீனப் பெரியவர் ஒருவர். அவருக்கு அது இருபத்தைந்தாவது. கடைசி வளைவில் தள்ளாடினார். நாங்கள் கிட்டே போனதும் கையை ஆட்டினார். தொடாதே என்று. எங்கள் கை பட்டால் அவர் ஓட்டம் செல்லாது. சவரி அண்ணே தொடவில்லை. அவர் பக்கத்திலேயே, ஒரு கை தூரத்தில், நடந்து போனார். பெரியவர் முடிவுக் கோட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்தார். அப்புறம்தான் தொட்டோம். ஆம்புலன்ஸில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிழைத்தார்.

இனி சொல்லப் போவதுதான் விஷயம்.

எங்கள் பக்கத்தில் பழைய தோட்டக்காரர்கள் வருஷா வருஷம் ஒரு காற்பந்துப் போட்டி நடத்துவார்கள். தோட்டம் ஒன்றும் இப்போது இல்லை. வீடும் செம்பனையும் ஆகிவிட்டது. ஆனால் குழுக்கள் அந்தப் பெயரில்தான். அந்த வருஷம் கல்லுமலைத் தோட்டம் முதல் தடவையாக அரையிறுதிக்கு வந்தது. அதுவே அவர்களுக்குப் பெரிய மைல்கல். சனம் வேன் வைத்து வந்தது. மேளம் கொண்டுவந்தார்கள்.

கல்லுமலைக்காரர்களிடம் ஒரு பழக்கம். ஒரு கோல் முன்னால் போய்விட்டால் ஆட்டக்காரர் யாராவது விழுந்து கிடப்பார். நேரம் ஓடும். கூட்டமே சொல்லிக்கொடுக்கும். மேளக்காரர் ஒரு தட்டு தட்டுவார். மொத்தக் கூட்டமும் "படு! படு!" என்று கத்தும். எல்லாருக்கும் சிரிப்பு. எதிர்க் குழுவும் அடுத்த ஆட்டத்தில் அதையே செய்யும். தப்பு என்று யாரும் நினைக்கவில்லை.

அரையிறுதியில் கல்லுமலை ஒரு கோல் முன்னால். முடியப் போகிற நேரம். குணா என்று இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர், லாரிக் கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகாதவர், ஒருத்தனோடு மோதி விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முட்டி உள்ளே மடங்கின மாதிரி இருந்தது. சவரி அண்ணே நடுவரைப் பார்த்தார். நடுவர் எங்களைப் பார்க்கவில்லை. சவரி அண்ணே கோட்டைத் தாண்டிவிட்டார். நான் பின்னாலேயே ஸ்ட்ரெச்சரோடு.

"பேரு என்ன?"

"குணா. மெதுவா தூக்குங்கண்ணே. அவசரம் ஒன்னும் இல்ல." சொல்லிவிட்டுக் கண்ணடித்தார்.

தூக்கினோம். வேறு வழியில்லை. கோட்டைத் தாண்டியதும் ஸ்ட்ரெச்சரிலிருந்து குதித்தார். கையைத் தூக்கி நடுவரிடம் அனுமதி கேட்டு உள்ளே ஓடினார். மேளம் அடித்தது. சிரிப்பு அடங்கவே இல்லை. "அண்ணே, டாக்சிக் காடி மாதிரி வச்சிருக்கீங்களே!" என்று யாரோ சவரி அண்ணனைப் பார்த்துக் கத்தினார்கள்.

நடுவர் மலாய்க்காரர். ஆட்டத்தை நிறுத்தி எங்களிடம் வந்தார். எல்லார் முன்னாலும் சவரி அண்ணனைக் கேட்டார், யார் உங்களைக் கூப்பிட்டது என்று. சவரி அண்ணே ஸ்ட்ரெச்சரை மடக்கினார். ஆட்டம் முடிந்ததும் ஏற்பாட்டுக் குழுக்காரர் ஒருவர் வந்தார். "அவனுங்க நடிக்கிறானுங்க, நீங்க அதுக்கு ஸ்ட்ரெச்சர் தூக்குறீங்க. இனி கை காட்டாம உள்ள வந்தா வேற ஆம்புலன்ஸ் வச்சிக்குவோம்" என்றார். மறுநாள் எங்கள் முதலாளியும் அதையே சொன்னார்.

"சரி," என்றார் சவரி அண்ணே.

திடலுக்கு எதிரே ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. இறுதியாட்டத்துக்கு முன் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். குணாவும் கூட்டாளிகளும் வந்தார்கள். குணா நேரே எங்கள் மேசைக்கு வந்தார்.

"சவரி அண்ணே, கோவமா? உங்க ஸ்ட்ரெச்சர் சொகுசா இருக்குலா. என் வீட்டு மெத்தை தோத்துரும்."

கூட்டாளிகள் சிரித்தார்கள். "மச்சான், இன்னிக்கும் ஒரு ரவுண்டு போவியா?"

"கோல் போட்டா போவேன்டா."

சவரி அண்ணே டம்ளரை வைத்தார். "தம்பி, என்னை உள்ள வரவச்சுச் சிரிச்சீங்க. பரவால்ல. இனி கூப்பிட்டாத்தான் வருவேன்."

"அட, வெளையாட்டுக்குண்ணே," என்று குணா அவர் தோளைத் தொட்டார். கடைக்காரரிடம் எங்கள் தேத்தண்ணிக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். கெட்ட பிள்ளை இல்லை. அதையும் சொல்லவேண்டும்.

இறுதியாட்டம் ஆறாங்கட்டைத் தோட்டத்தோடு. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆறாங்கட்டைதான் முதலில் கோல் போட்டது. கல்லுமலை ஒன்று போட்டது, இரண்டாம் பாதியில் இன்னொன்று. முன்னால் போய்விட்டார்கள். கூட்டம் நின்றுகொண்டே பார்த்தது. கல்லுமலைக்குக் கோப்பை என்று ஒன்று அதுவரை வந்ததில்லை.

பந்து அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் குணா தனியாக, மெதுவாக நடந்து வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. முகம் குப்புற விழுந்தார்.

மேளம் ஒரு தட்டு. "படு! படு!"

நடிக்கிறவன் விழும்போது கையை ஊன்றுவான். எவ்வளவு பெரிய நடிகனாக இருந்தாலும் ஊன்றுவான், முகத்தைக் காப்பாற்ற. சவரி அண்ணே என் முழங்கையைப் பிடித்தார். "கை ஊனல பாத்தியா?" என்றார். எனக்கும் தெரிந்தது. ஆனால் இத்தனை பேர் சிரிக்கும்போது கண்ணால் பார்த்ததைக்கூட நம்ப முடிவதில்லை. ஒருவேளை புதுசாக ஒரு விதம் கற்றுக்கொண்டானோ என்று தோன்றும்.

சவரி அண்ணே கோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினார். நேரத்தைக் கூட்டித் தருவேன், ஏமாற்றமுடியாது என்று அர்த்தம். ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். கூட்டம் அதற்கும் சிரித்தது.

நாங்கள் நின்றோம்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று பிறகு விசாரணையில் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு சொன்னார்கள். நான் தெரியாது என்றேன். தெரியாது என்பதுதான் உண்மை.

பந்து இந்தப் பக்கம் வந்தது. ஆறாங்கட்டை முன்கள ஆட்டக்காரர் ஒருவர் குணாவைத் தாண்டி ஓடும்போது கோபத்தில், "எந்திரிடா, போதும்!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். குணா புரண்டு மல்லாந்தார். அந்த ஆள் பந்தை விட்டுவிட்டார். இரண்டடி பின்னால் போனார். அப்புறம் கத்தினார். என்ன கத்தினார் என்று விளங்கவில்லை, ஆனால் மேளம் நின்றது.

நடுவர் கையை அசைத்தார்.

சவரி அண்ணே ஓடினார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் முட்டி போட்டிருந்தார்.

"பேரு என்ன? தம்பி, பேரு என்ன?"

பேர் எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார். கண் பாதி திறந்திருந்தது. உதடு நீலம். மூச்சு இல்லை. வாயில் புல். அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். நான் மூச்சுக் கொடுத்தேன். அவர் களைத்ததும் நான் அழுத்தினேன். இப்போது திடலுக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், நெஞ்சுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி. அன்றைக்கு எங்களிடம் கைதான் இருந்தது. விலா எலும்பு ஒன்று என் கைக்கு அடியில் முறிந்தது. முறிந்தாலும் நிறுத்தக்கூடாது. நிறுத்தவில்லை.

ஆட்டக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தர் அழுதார். ஒருத்தர், "குணா, போதும்டா மச்சான், எந்திரிடா, ஜெயிச்சிட்டோம்டா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடியவில்லை. அவருக்கு அது தெரியும்.

ராம்லி ஆம்புலன்ஸைத் திடலுக்குள்ளேயே கொண்டுவந்தார். பின்கதவைச் சாத்தப் போகும்போது ஒரு பெரியவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ஏறினார். "அப்பா நான்," என்றார். அவர் குணாவின் அப்பா பெருமாள். கல்லுமலையில் பால் வெட்டினவர். ஒரு மூலையில் உட்கார்ந்து மகன் காலில் இருந்த பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். கயிறு முடிச்சு விழுந்திருந்தது. ஆஸ்பத்திரி போகும்வரை அந்த முடிச்சைத்தான் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வெளியே வந்து சொன்னார். இருதயம். பிறந்ததிலிருந்தே கோளாறு இருந்திருக்கலாம், வீட்டுக்குத் தெரிந்திருக்காது என்றார். சவரி அண்ணே ஒன்று கேட்டார். "கொஞ்சம் முன்னாடி போயிருந்தா டாக்டர்?" டாக்டர் சின்னப் பெண். தரையைப் பார்த்தாள். "சொல்ல முடியாது அங்கிள்," என்றாள். "வாய்ப்பு இருந்திருக்கும். அதுக்கு மேல சொல்ல முடியாது."

விசாரணை வைத்தார்கள். நடுவர் சொன்னார், அந்தக் குழு எப்போதும் நடிக்கிற குழு என்று. உண்மை. ஏற்பாட்டுக் குழு சொன்னது, ஆம்புலன்ஸ்காரர்கள் விதிப்படி நின்றார்கள் என்று. அதுவும் உண்மை. எங்கள் மேல் தப்பில்லை என்று முடிவானது. முதலாளி சவரி அண்ணனோடு கைகுலுக்கினார். சவரி அண்ணே திடல் வேலை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிறுநீரக நோயாளிகளை ரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிப் போகிற வண்டிக்கு மாறினார். ஓய்வு பெறும்வரை அந்த வண்டிதான். நான் திடலிலேயே இருந்தேன். யாராவது இருக்கத்தானே வேண்டும்.

விதி மாற இன்னும் பல வருஷம் ஆனது. குணா இறந்த வருஷக் கடைசியில் பேப்பரில் ஒரு பக்கம் போட்டார்கள், பேரா மாநிலத்தின் விளையாட்டுச் சாதனைகள் என்று. நூறாவது கோல் இருந்தது, தெலுக் இந்தான் பிள்ளை இருந்தது. தோட்டக் கோப்பை அதில் வரவில்லை. அது சின்னப் போட்டி. கோப்பையை யாருக்கும் கொடுக்கவில்லை.

குணாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சவரி அண்ணே போகவேண்டும் என்றார். "எதுக்குண்ணே? நம்மள அடிச்சாலும் அடிப்பாங்க," என்றேன். "அடிச்சா வாங்கிக்குவோம்," என்றார். போனோம். தாமான் குடியிருப்பில் அடுக்கு மாடி வீடு. சின்னக் கூடம். குணாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது, ஜெர்சியோடு எடுத்த படம். பெண்கள் உள்ளே இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கல்லுமலைக் குழுவில் இருந்த ஒருத்தர் எழுந்து வெளியே போனார்.

பெருமாள் மட்டும் நாற்காலியை நகர்த்திப் போட்டார். மொட்டைத் தலை. உட்காருங்க என்றார். உட்கார்ந்தோம். கீழே யாரோ மோட்டாரைக் கிளப்ப முடியாமல் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

பெருமாள் சவரி அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "உங்ககிட்ட ஒன்னு கேக்கணும். அவன் விழுந்தப்ப நீங்க கோட்டுலயே நின்னீங்க. அவன் நடிக்கிறான்னா நெனச்சீங்க?"

நடுவர் கை காட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். விசாரணையில் அதைத்தான் சொன்னோம். நான் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சவரி அண்ணே என் தொடையில் கையை வைத்து அழுத்தினார்.

"நிஜம்னு தெரிஞ்சுது," என்றார். "ஆனாலும் நடிப்பா இருந்துட்டா என்ன செய்யிறதுன்னு நெனச்சேன். மறுபடியும் சிரிப்பாங்களேன்னு நின்னுட்டேன்."

பெருமாள் தலையை ஆட்டினார். படத்தைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை.

"நான் மேளக்காரன் பக்கத்துல இருந்தேன்," என்றார். "அவன் அசையாம கெடந்தான். எல்லாரும் படு படுன்னு கத்துனாங்க. நான் அப்படிக் கத்தல. நல்லா செய்யிறான்டான்னு பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னேன். அப்புறம் கையை இப்படி வாயில வச்சுக்கிட்டு, எந்திரிக்காதடான்னு கத்தினேன். எந்திரிக்காதடா குணா, இன்னுங் கொஞ்ச நேரந்தான்னு."

அவர் கை வாயருகே அப்படியே நின்றது. பிறகு அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்து, இலை போட்டாச்சு என்று கூப்பிட்டார். பெருமாள் எழுந்தார். "சாப்பிட்டுப் போங்க," என்றார். அவரும் நாங்களுமாக மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.